பாதாளத்துப் பதிவிரதையின் பிள்ளை

தங்கவயலில் எட்டாம் சாப்டு சுரங்கத்தின் குடியிருப்பான லைன்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரே நாடகம்தான். அதற்கு 'பாதாளத்துப் பதிவிரதை' என்று பேர். ஒரு வசனம் கூட்டாமல் ஒரு வசனம் குறைக்காமல் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட்டினாலும் குறைத்தாலும் கீழே உட்கார்ந்திருக்கிற சனமே எழுந்து நின்று திருத்திவிடும். சுரங்கத்தில் மூன்று ஷிப்டு என்பதால் நாடகமும் மூன்று ஆட்டம், வாரத்துக்கு ஒன்று, பட்டப்பகலில், தகரக் கொட்டகையில். எந்த ஷிப்டுக்காரனும் அதைப் பார்க்காத குறையோடு பூமிக்குள் இறங்கக் கூடாது என்பது லைனின் நியாயம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீரமணி என்கிற சுரங்கத் தொழிலாளியைக் கெட்ட காண்டிராக்டர் பாதாளத்தில் அடைத்துப்போடுகிறான். அவன் பெண்டாட்டி சுவர்ணாம்பாள் மேலே தனியாகப் பிள்ளை பெற்று, பேர் வைத்து, இடுப்பில் சுமந்துகொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறாள். காண்டிராக்டரின் தங்கை துர்க்காவதி பொறாமை தாங்காமல் அந்தப் பிள்ளையைத் திருடிக்கொண்டு சுரங்க வாய்க்கு ஓடுகிறாள். சுவர்ணாம்பாள் தலைவிரி கோலமாக வந்து நின்று "கொடு என் பிள்ளையை" என்கிறாள், ஒரே ஒரு தடவைதான் சொல்கிறாள், துர்க்காவதியின் கை தானாகத் துவண்டு பிள்ளை தாயிடம் போகிறது, அந்த நொடியே மணி அடித்து, ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டு ஏறி, புருஷன் பாதாளத்திலிருந்து வந்துவிடுகிறான். திரை விழும். கொட்டகையில் கர்ச்சீப்பு காய்ந்த ஆள் ஒருத்தன் இருக்க மாட்டான்.

அந்தப் பிள்ளை மட்டும் நிஜப் பிள்ளையாக இருக்க வேண்டும். துணிப் பொம்மைக்கு எவன் அழுவான் என்று லைன் கேட்கும். அந்த வருஷம் லைனில் பிறந்த குழந்தைகளில் ஒன்றை நாடக வாத்தியார் பொறுக்குவார், அது பெரிய மரியாதை. அதற்கு ஒரே ஒரு விதி: பேர் வைக்காத பிள்ளை மேடை ஏறக் கூடாது. ஏனென்றால் இரண்டாம் காட்சியில் சுவர்ணாம்பாள் குழந்தையின் காதில் மூன்று தடவை பேர் சொல்லுவாள். ஏற்கெனவே சொந்தப் பேர் உள்ள பிள்ளைக்கு அந்த நாடகப் பேர் சேம்பிலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். பேர் இல்லாத பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை.

எமில்டா செய்தாள்.

எமில்டா ராபர்ட்சன்பேட்டை கான்வென்ட்டில் படித்தவள். உரத்துப் பேசினால் பாவம் என்று வளர்க்கப்பட்டவள். பாறை பிளக்கும் மிஷின்காரன் சந்தியாகுவுக்கு வாழ்க்கைப்பட்டு லைனுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம்: சுரங்கச் சங்கு தப்பு நேரத்தில் ஊதினால் பயம், ஊதாவிட்டால் பயம், கூண்டு இறங்கினால் பயம், எல்லாவற்றையும் விட சந்தியாகுவின் அழகைக் கண்டு பயம். அவன்தான் வருஷா வருஷம் வீரமணி. ஆனால் சுவர்ணாம்பாள் மட்டும் வெளியூர்க்காரி, கூலிக்கு வருகிறவள், ஒவ்வொரு வருஷமும் வேறு ஒருத்தி. அந்த வருஷம் வந்தவள் திருப்பத்தூர் மனோரஞ்சிதம். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பெட்டியைத் தூக்க நாலு பேர் ஓடினார்கள், அதில் ஒருத்தன் சந்தியாகு.

ஒத்திகைக்கு எட்டிப்பார்க்கப் போன எமில்டா, புருஷன் பாதாளத்துக்கு விடைபெற்றுப் போகிற காட்சியில் அவன் மனோரஞ்சிதத்தின் கையைப் பிடித்ததைப் பார்த்தாள். வசனம் முடிந்த பிறகும் அவன் கை அங்கேயே இருந்ததையும், ஒரு காற்புள்ளிக்குக்கூடக் கத்துகிற மாசிலாமணி வாத்தியார் அதற்கு ஒன்றும் சொல்லாததையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, பிறந்து மூன்று மாதமாகியும் இன்னும் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு எடுத்துப்போகாத, 'தம்பி' என்று மட்டுமே கூப்பிடப்பட்ட தன் பிள்ளையைப் பார்த்தபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் பிள்ளை இருந்தால்? இடுப்பில் பிள்ளையைச் சுமக்கிறவளுக்குப் பிடிக்கக் கொடுக்கக் கை ஏது? பயந்த பெண்கள் வாசலில் முள்ளை வெட்டிப் போடுவதைப்போல அவள் தன் பிள்ளையைக் கொண்டுபோய் அவர்கள் நடுவில் போட்டாள். பேர் வைத்தாயிற்றா என்று வாத்தியார் கேட்டதற்கு, அம்மா வீட்டிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது, பேர் இன்னாசி என்றாள். பக்கத்தில் நின்ற சந்தியாகுவுக்கு அது பொய் என்று தெரியும். தன் மேலுள்ள ஆசையில் பிள்ளையை மேடைக்குத் தருகிறாள் என்று நினைத்து அவன் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

முதல் ஆட்டத்தில் மனோரஞ்சிதம் குழந்தையின் காதில் குனிந்து "பொன்மாறன், பொன்மாறன், பொன்மாறன்" என்றாள். பிள்ளை அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தது. கொட்டகை 'உச்' கொட்டியது. திரை விழுந்ததும் எமில்டா பின்பக்கமாக ஓடிப்போய்க் கையை நீட்டினாள், மனோரஞ்சிதம் பிள்ளையைக் கொடுத்தாள், கொடுத்த அந்த நொடியில் எமில்டாவின் இரண்டு கையும் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோலத் தரையை நோக்கிப் போயின. மனோரஞ்சிதம் சட்டென்று குனிந்து ஏந்தாவிட்டால் பிள்ளை பலகையைப் பிளந்துகொண்டு போயிருக்கும்.

"என்ன தங்கச்சி, கை வழுக்குதா?" என்றாள் மனோரஞ்சிதம், பஞ்சுப் பொதியைப்போல அவனை ஒரு கையில் வைத்துக்கொண்டு.

வழுக்கவில்லை. பிள்ளை தங்கக் கட்டியின் கனம் கனத்தான். பார்வைக்கு அதே பிள்ளைதான், அதே மச்சம், அதே கட்டைவிரல் சூப்பு. ஆனால் மனோரஞ்சிதத்தைத் தவிர யார் தூக்கினாலும் அவன் கனத்தான்.

லைன்காரர்கள் இதற்கு ஆச்சரியப்படவில்லை. பூமியிலிருந்து கனமானதை மேலே கொண்டுவருவதே அவர்கள் பிழைப்பு. காலை ஷிப்டு முடிந்ததும் கல் அள்ளுகிற கேங்கு கையில் எச்சில் துப்பிக்கொண்டு வந்து தூக்கிப் பார்த்தது. ஒருத்தன் கடப்பாறை போட்டு நெம்பலாமா என்று கேட்டு எமில்டாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கூண்டு ஓட்டுகிறவர் கூரையில் கப்பி மாட்டித் தூளி கட்டிக் கொடுத்தார், கப்பி நின்றது, கூரை நிற்கவில்லை. சுரங்கக் காவலாளிகள் இரண்டு பேர் தங்கத் திருட்டோ என்ற சந்தேகத்தோடு வந்து, பிள்ளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் கொட்டாவி விட்டான். பல்கூட இல்லாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எமில்டா பங்குச் சாமியாரிடம் ஓடி உண்மையைச் சொல்லி அழுதாள். அவர் வீட்டுக்கே வந்து முழங்காலிட்டு, பாயில் கிடந்த பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி இன்னாசி என்று பேரிட்டார், தண்ணீர் பாயை நனைத்தது, பேர் ஒட்டவில்லை. கனமான பிள்ளையைத் திருச்சபை எங்கேயும் தடை செய்யவில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

ஆகவே மனோரஞ்சிதம் அந்த வீட்டின் முன்னறையில் பெட்டியோடு வந்து குடியேறினாள். வேறு வழி? பிள்ளையைக் குளிப்பாட்ட அவள் தூக்க வேண்டும், எண்ணெய் தேய்க்க அவள் புரட்ட வேண்டும், ஏப்பம் விட அவள் தோளில் போட வேண்டும். பால் மட்டும் எமில்டாவுடையது. மனோரஞ்சிதம் பிள்ளையைக் கொண்டுவந்து பாயில் கிடத்துவாள், எமில்டா அவனுக்குப் பக்கத்தில் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்றுக்குப் படுத்துக்கொடுக்கிற பசுவைப்போல மாரைக் கொடுப்பாள், குடித்து முடித்ததும் மனோரஞ்சிதம் வந்து எடுத்துக்கொண்டு போவாள். பிள்ளையின் தலையில் ரோஸ் பவுடர் வாசம் அடிக்கத் தொடங்கியது. தன் மார்பில் வாயை வைத்துக்கொண்டே அவன் கண் அறைக்கு வெளியே கொலுசுச் சத்தம் போகிற பக்கமெல்லாம் போவதை எமில்டா பார்த்தாள். கேட்டால் சிரிப்பாள் மனோரஞ்சிதம், "உன் பிள்ளைதானே தங்கச்சி, நான் சுமைகூலி" என்பாள். அந்தத் 'தங்கச்சி' எமில்டாவின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

சந்தியாகு வேறு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். நாடகத்தில் அவன்தானே அப்பன். வீட்டிலும் மார்பை நிமிர்த்தி, "என் குலக்கொழுந்தே, பாதாள இருள் கிழித்து வந்த பகலவனே" என்று வீரமணி குரலில் ஆரம்பித்தால் பிள்ளை அவன் கைக்கு லேசாகிவிடும். ஆகவே அவன் ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே செந்தமிழில்தான் கழற்றினான். முன்னறையில் அவனும் மனோரஞ்சிதமும் பிள்ளையைக் கைமாற்றிக்கொண்டு வசனம் பேசினார்கள். அடுப்பங்கரையில் எமில்டா புளியைக் கரைத்துக்கொண்டு அந்த மூன்று பேரின் சிரிப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டாள். நடுவில் வேலியாகப் போட்ட பிள்ளை இப்போது அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டுகிற கயிறாகிவிட்டது.

ஒருநாள் அவர்கள் ஒத்திகைக்குப் போன நேரம் பார்த்து அவளும் கதவைச் சாத்திக்கொண்டு, சுவர்ணாம்பாளின் வசனத்தைத் தன் கான்வென்ட் குரலில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "என் வயிற்றில் பூத்த வைரமே." பிள்ளை அவளை யாரோ போலப் பார்த்தான். அவன் கனம் கூடி, பாய்க்கு அடியில் சிமெண்டுத் தரை நெளிந்து கீறல் விட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் ஆட்டத்தை அவள் பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். கடைசிக் காட்சியில் கூண்டு ஏறி, சந்தியாகு வெளியே வந்து, பிள்ளையையும் மனோரஞ்சிதத்தையும் ஒரே அணைப்பாக அணைத்தபோது பக்கத்து வீட்டு சலேத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "இன்னா பொருத்தம் பாரு, மூணும் ஒரே அச்சு" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்தது. அவள் உடனே சமாதானம் சொன்னாள்: "உனுக்கு இன்னாடி கொற? பாலைக் குடுத்துட்டு நிம்மதியா கெட. எம் புள்ளைய இப்புடித் தூக்கிக்கினு திரிய எவ வரா?"

லைன் முழுக்க அதே பேச்சுதான். வாத்தியார் வீட்டில் கூடிப் பேசி முடிவும் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் ஆட்டம் முடிந்ததும் மனோரஞ்சிதம் ஊருக்குப் போனால் பிள்ளை பாயோடு ஒட்டிக் கிடந்துவிடும். ஆகையால் அவள் போகக் கூடாது. லைனின் கடைசியில் பூட்டிக் கிடக்கிற வீட்டை அவளுக்கு ஒழித்துக் கொடுப்பது. இனி வருஷா வருஷம் சுவர்ணாம்பாளைத் தேடி பஸ் ஏற வேண்டாம் என்பதில் வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. எமில்டாவை யாரும் கேட்கவில்லை. மனோரஞ்சிதம் மட்டும் கடைசி ஆட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அன்று மாலை அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பூட்டின வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றதை எமில்டா குழாயடியிலிருந்து பார்த்தாள். அவள் போனால் என் பிள்ளை கல், இருந்தால் என் பிள்ளை அவள் பிள்ளை. இரண்டு பக்கமும் எமில்டாவுக்கு வாசல் இல்லை.

குடம் நிரம்பி வழிந்தது. வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குப் பொன்னுரங்கத்தின் ஞாபகம் வந்தது. பொன்னுரங்கம் ஸ்டோர் குமாஸ்தா, தடித்த மனிதர், மீசையை மழித்துக்கொண்டு வருஷா வருஷம் துர்க்காவதி வேஷம் கட்டுகிறவர். கனம் பார்க்க வந்த கூட்டத்தில் அவரும் வந்து பிள்ளையைத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவர்தான். அதே மனிதர் நேற்று மேடையில் பிள்ளையை ரொட்டிப் பொட்டலம் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாரே. ஓடினார், ஏனென்றால் நாடகத்தில் துர்க்காவதி பிள்ளையைத் தூக்குகிறாள்.

ஈரக்கையோடு அவள் அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பார்ட்டைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள். அவர் இடுப்பில் பத்துப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

"அது திட்டு வாங்குற வேஷம்மா," என்றார். "மண்ணை வாரி எறிவாங்க. போன வருஷம் ஒரு கெழவி செருப்பைக் கழட்டிட்டா. கான்வென்ட் பொண்ணு, நீ தாங்க மாட்டே."

"வசனம் எனக்குத் தெரியும்ணே."

சொல்லு பார்க்கலாம் என்றார். அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றபடி, முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு சொன்னாள். "என்னிடம் இல்லாத எது அவளிடம் இருக்கிறது? அவள் நடந்தால் பிள்ளை திரும்புகிறது, நான் அழுதாலும் திரும்பவில்லை. அவள் தோளில் தூங்குகிறதே அந்தத் தூக்கம், அது என் வீட்டுத் தூக்கம். அதை நான் திருடவில்லை. மீட்கிறேன்." குரல் உயரவே இல்லை, பூஜையில் வாசகம் படிக்கிற குரல்தான். பொன்னுரங்கம் திரும்பிப் படுத்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துர்க்காவதியின் சவுரியை எடுத்து நீட்டினார்.

மூன்றாம் ஆட்டத்துக்கு, வேலைக்குப் போனவர்கள் தவிர லைனே கூடியிருந்தது. துர்க்காவதியாக எமில்டா வந்து பேச ஆரம்பித்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் தாய்மார் மடிக்குள் நகர்ந்தார்கள். இத்தனை வருஷம் பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வைத சனம் இப்போது சிரிக்காமல் வைதது. "அடிப் பாதகி" என்றது ஒரு குரல். மண் வந்து விழுந்தது, வேர்க்கடலைத் தோல் வந்து விழுந்தது, சலேத்து தன்னை மறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எறிந்தாள், அது நெற்றியில் பட்டது. எமில்டாவுக்கு வாழ்நாளில் முதல் தடவையாகப் பயம் இல்லை. அவள் தொட்டிலுக்குக் குனிந்தாள், கையைக் கொடுத்தாள், தூக்கினாள்.

பிள்ளை வந்துவிட்டான். ஒரு குழந்தையின் கனம், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் கொஞ்சம் ஊறியிருந்த உடம்பு, ஈரத்துணி, கழுத்து மடிப்பில் பால் புளித்த வாசம். அவன் தலையை அவள் தோளில் இடித்துக்கொண்டு கட்டை விரலைத் தேடினான். அவளுக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று.

அடுத்தது சுரங்க வாய். துர்க்காவதி அங்கே போய் நிற்க வேண்டும், சுவர்ணாம்பாள் வர வேண்டும், அந்த ஒற்றை வசனம் சொல்ல வேண்டும், கை துவள வேண்டும். எமில்டா போய் நின்றாள். பக்கத் திரையில் மனோரஞ்சிதம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தயாராக நிற்பது தெரிந்தது. எமில்டா மேடையின் முன்பக்கப் படிகளைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, சனத்தின் நடுவே நடந்து, கொட்டகைக்கு வெளியே வெயிலில் போய்விட்டாள்.

யாரும் தடுக்கவில்லை. நாடகத்தில் இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வாத்தியார் விசிலைக் கடித்துக்கொண்டே நின்றார். மேடைக்கு அடியில் மரக் கூண்டுக்குள் சந்தியாகு முகத்தில் கரி பூசிக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தான். மணி அடிக்காமல் கூண்டு ஏறக் கூடாது என்பது அவன் ரத்தத்தில் ஊறிய சட்டம். மாலைச் சங்கு ஊதும் வரைக்கும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

எமில்டா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைக்கு மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மனோரஞ்சிதம் வந்தாள். வேஷம் கலைக்கவில்லை, விரித்த தலை, கலைந்த குங்குமம், பின்னால் லைன் முழுவதும். எல்லோருக்கும் தெரியும். மேடை என்பது மூங்கிலும் பலகையும் அல்ல. சுவர்ணாம்பாள் இங்கே அந்த வசனத்தைச் சொன்னாலும் துர்க்காவதியின் கை துவண்டுவிடும், அதற்கு மேல் இந்தக் கதையில் ஒன்றும் இல்லை. எமில்டாவுக்கும் தெரியும். அவள் எழுந்து நின்றாள். பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மனோரஞ்சிதம் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை கொலுசுச் சத்தத்துக்குத் திரும்பி, வாயில் பாலோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் வாய் திறந்தது. முதல் எழுத்துக்கு நாக்கு மடங்கியதைக்கூட எமில்டா பார்த்தாள். கூட்டத்தில் கூடவே சொல்லிப் பழகிய சில உதடுகள் தாமாக அசைந்தன.

"தங்கச்சி," என்றாள் மனோரஞ்சிதம், "திருப்பத்தூர் பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

எமில்டா முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "அஞ்சரைக்கு, அக்கா," என்றாள். அக்கா என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

மனோரஞ்சிதம் குழாயடியில் முகம் கழுவி, முடியை முடிந்து, பெட்டியை எடுத்துக்கொண்டாள். தூக்க யாரும் வரவில்லை. முடிவு பார்க்காத கோபம் எல்லோருக்கும், இரண்டு பேர் மேலும்.

அந்த நாடகம் இன்னும் முடியவில்லை. முடிக்கவும் கூடாது என்று வாத்தியாரே விதி போட்டுவிட்டார், அந்த வசனத்தை யாரும் விளையாட்டுக்குக்கூட லைனில் சொல்லக் கூடாது. அடுத்த வருஷத்திலிருந்து அவர்கள் ஒரு ராஜா நாடகம் போட்டார்கள், அதில் சுரங்கமும் இல்லை, குழந்தையும் இல்லை, யாரும் அழவும் இல்லை. பிள்ளை கைக்கு லேசாக இருக்க வேண்டுமானால், முடியாத நாடகத்தின் துர்க்காவதியாகவே எமில்டா இருக்க வேண்டியிருந்தது. ரேஷன் கடையில் அவளைக் கண்டால் சனம் முணுமுணுத்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'களவாணி' என்று ஊளையிட்டு ஓடின, சந்தியாகுகூட ஷிப்டுக்குக் கிளம்பும்போது "வரேன்டி துர்க்கா" என்றுதான் சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, நடக்கத் தெரிந்த பிறகும் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் திரிந்தாள். சந்தியாகுவை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள், யார் பெட்டியை அவன் தூக்கினாலும் அவளுக்கு இப்போது ஒன்றுமில்லை.

ஆனால் மனோரஞ்சிதம் கிளம்பிய அந்த மாலை பஸ் நிறுத்தம்வரை எமில்டா போனாள், பிள்ளையோடு, தள்ளி நின்றாள். மனோரஞ்சிதம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் இல்லாத கையை மடியில் வளைத்து வைத்துக்கொண்டாள், அதில் ஏதோ தூங்குவதைப்போல. பஸ் நகர்ந்தது. சொன்னால் கிடைத்துவிடும் என்று தெரிந்தும் சொல்லாமல் விழுங்கிய அந்த வாய் தனக்கு ஒருநாளும் வராது என்று எமில்டாவுக்குத் தெரிந்தது. இடுப்பில் முழுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு, அந்த வெறுங்கையைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டாள்.